உருளைக்கிழங்கு அடையும் ஒரு செட் பூரியும்

திண்டிவனத்தில் தனிக்குடித்தனம் நடத்தும் என் மகனுக்கு, விழுப்புரத்திலிருந்து உன் அப்பா எழுதுவது.

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. நீ அவ்வளவு நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே வந்திருந்தபோது, கறி வாங்கி வருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு போனாயே, அந்த அரைமணி நேரத்தில் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டுதான் பஸ் ஏறினேன். அன்றிலிருந்து தையல் கடையில் எனக்கு வேலை ஓடவில்லை. சாக்குக்கட்டிக் கோடு ஒரு பக்கம் இருக்கிறது, கத்தரி ஒரு பக்கம் போகிறது. ஒரு வாத்தியாருடைய பேண்ட் துணியைக் கெடுத்து, என் காசில் புதுத் துணி வாங்கி வைத்திருக்கிறேன். "ஊரான் துணியக் கெடுக்கறதுக்கு, மனசுல கெடக்கறத ஒரு காயிதத்துல எழுதிப் போட்டுடுங்க" என்று உன் அம்மா சொல்லிவிட்டாள். நேரில் சொல்லலாம்தான். ஆனால் நீ பேச்சை மாற்றுவதில் கெட்டிக்காரன். "பேக்கி பேண்ட்டுக்கு எவ்ளோ துணிப்பா ஆவும்?" என்று கேட்டுவிடுவாய். நானும் மடையன் மாதிரி அளவு சொல்ல உட்கார்ந்துவிடுவேன்.

விஷயம் இதுதான். கோதுமையும் பாலும் உன் உடம்புக்கு ஆகாது என்பதைக் கல்யாணமாகி நாலு மாதம் ஆகியும் பூங்கொடியிடம் நீ சொல்லவில்லை. கட்டிய பெண்டாட்டியிடமே சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் உன் மேல் கோபமாக வருகிறது. பாசமும் வருகிறது. இரண்டும் சேர்ந்துதான் இந்தக் கடிதம், அதனால் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்.

உனக்கு ஆறு வயதில் கை கால் குச்சியாகவும் வயிறு பானையாகவும் இருந்தது. எது கொடுத்தாலும் தங்கவில்லை. நம் பக்கத்தில் சீக்கு என்றாலே ரொட்டிதான். உன்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு ரொட்டிப் பாக்கெட்டோடு வந்தார்கள். நாங்களும் அதைப் பாலில் தோய்த்துத் தோய்த்து ஊட்டினோம். உன் அம்மா பெரியாஸ்பத்திரி நர்ஸ். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவள், பெற்ற பிள்ளைக்கு என்ன என்று தெரியாமல் அழுதாள். கடைசியில் பாண்டிச்சேரியில் ஒரு டாக்டரம்மாதான் கண்டுபிடித்தார். கோதுமையில் செய்த எதுவும் கூடாது, பாலும் கூடாது, கொஞ்ச நாளைக்கு இல்லை, எப்போதுமே என்றார். நான் சிரித்துவிட்டேன். "நாங்க சோறு துன்ற ஜனங்கம்மா. கோதுமைக்கு எங்க போறோம்?" என்றேன். வீட்டுக்கு வந்து பார்த்தால்தான் தெரிந்தது, ரவை, சேமியா, பன், பிஸ்கட், வருகிறவர்கள் கொண்டுவந்த ரொட்டி என்று எங்கே கை வைத்தாலும் அதுதான் இருந்தது. எல்லாவற்றையும் அக்கம்பக்கத்துக்குத் தூக்கிக் கொடுத்தோம். பாலும் நின்றது, தயிரும் நெய்யும் நின்றன.

நீ தேறினாய், ஆனால் முழுசாகத் தேறவில்லை. நன்றாக விளையாடிக்கொண்டு இருப்பாய், திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாய். அப்போது நாங்கள் செய்த வைத்தியத்தை நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே அடித்துக்கொள்கிறேன். வயிற்று வலிக்கு நம் வீடுகளில் என்ன கொடுப்போம்? பெருங்காயம். சுடுதண்ணீரில் கரைத்துக் கரைத்து உன் வாயில் ஊற்றினோம். வலி அதிகமானால் இன்னும் கொஞ்சம் கரைத்தோம். ஒரு நாள் மளிகைக்கடையில், "புள்ளைக்கு வயித்து வலி, பெருங்காயம் ஒஸ்தியா குடுய்யா" என்றேன். கடைக்காரர், "அப்ப பச்சப் பெருங்காயமா வாங்கிக்கினு போங்க. நீங்க வாங்கறது கட்டி. அது மைதா சேத்து புடிக்கறதுதானே?" என்றார். மருந்து என்று நினைத்து விஷத்தையே ஊற்றியிருக்கிறோம். டப்பாவைக் கழுவக்கூட இல்லை, அப்படியே தூக்கி எறிந்தாள் உன் அம்மா. அதற்குப் பிறகு நம் வீட்டுச் சாம்பாரில் பெருங்காய வாசனை கிடையாது. உன் கன்னத்தில் சதை பிடித்ததும் அதற்குப் பிறகுதான்.

அந்த வருடம்தான் நான் அடுப்பாண்டை போனேன். அம்மாவுக்குக் காலை டூட்டி, நீ எழுந்திருப்பதற்கு முன்னாலேயே கிளம்பிவிடுவாள். இட்லி மாவு ஆட்ட அவளுக்கு ஞாயிறு விட்டால் நேரம் இல்லை. அந்த மாவும் வெயிலில் இரண்டு நாளைக்கு மேல் தாங்காது. மற்ற நாளில் எல்லா வீட்டிலும் ரவை உப்புமா. உனக்கு அது ஆகாது, கேப்பைக் கூழைக் கண்டாலே நீ வாயை மூடிக்கொள்வாய். கிழங்கை மட்டும் எப்படிக் கொடுத்தாலும் தின்பாய். அப்படி வந்ததுதான் நம் உருளைக்கிழங்கு அடை. முதல் நாள் செய்தது அடையே இல்லை, கல்லில் ஒட்டிக்கொண்டு கரண்டியோடு மல்லுக்கு நின்றது. அதையும் சுரண்டிச் சாப்பிட்டுவிட்டு, "இன்னொண்ணு குடுப்பா" என்று தட்டை நீட்டினாய். அந்த ஒரு வார்த்தைக்காக நான் எத்தனை வருடம் வேண்டுமானாலும் அடுப்பூதியிருப்பேன். எதிர்வீட்டுக்காரர், "டைலரு வூட்ல சோறும் டைலருதான் தைக்கிறாரா?" என்று கேலி பண்ணுவார். "ஆமாங்க, உங்களுக்கும் அளவு எடுக்கட்டுமா?" என்பேன்.

உன் நாக்கில் பூட்டு விழுந்த நாளும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கெடாரில் ஒரு கல்யாணம். உனக்கு அப்போது மீசை அரும்பும் வயது. பந்தியில் பூரியை வேண்டாம் என்றாய், பாயசத்தை வேண்டாம் என்றாய். பரிமாற வந்த அம்மாள் பந்திக்கே கேட்கிற மாதிரி, "இந்தப் புள்ளைக்கு இன்னா சீக்கு? இத்த துன்னாத, அத்த துன்னாதன்னா நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்றாள். நீ தலையைக் குனிந்துகொண்டு வெறும் சோற்றைப் பிசைந்தாய். அதற்கப்புறம் எங்கே போனாலும் உனக்கு ஒரு விரதம் வந்துவிடும். சனிக்கிழமை விரதம், வியாழக்கிழமை விரதம், கிருத்திகை விரதம். முருகனே கேட்டால் ஆச்சரியப்பட்டிருப்பார்.

அந்தப் பூட்டோடுதான் பூங்கொடியைப் பெண் பார்க்கவும் வந்தாய். அவர்களுக்கு ஒலக்கூர் பக்கம் நிலம், மல்லாட்டைக் கடலை பயிரிடுகிறவர்கள், வீடு திண்டிவனத்தில். பெண் பார்க்கப் போனால் சொஜ்ஜியும் பஜ்ஜியும் வரும் என்பது பிறந்த பிள்ளைக்கும் தெரியும். சொஜ்ஜி என்பது ரவையும் நெய்யும்தான் என்பது உனக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். அந்தப் பெண் தட்டை எடுத்து வந்து உன் எதிரிலேயே நின்றாள். நீ அவளை நிமிர்ந்து பார்த்தாய், முகமெல்லாம் மலர்ந்தது. அடுத்த நிமிஷம் தட்டைப் பார்த்தாய், "வேணாங்க" என்றாய். காபியும் வேண்டாம் என்றாய். அவள் கை நீட்டியபடியே நின்றாள். உன் மானத்தைக் காப்பாற்ற நான் இரண்டு தட்டு சொஜ்ஜி சாப்பிட்டேன். ஆனால் மாப்பிள்ளை கை நனைக்காத வீட்டில் மாப்பிள்ளையின் அப்பன் எத்தனை தட்டு தின்று என்ன? திரும்பி வரும்போது பஸ் கூட்டேரிப்பட்டைத் தாண்டியதும், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "பொண்ணு புடிச்சிருக்குதுப்பா" என்றாய். அப்படி ஒரு குரலில் நீ பேசி நான் கேட்டதே இல்லை.

மூன்றாம் நாள் தரகர் வந்தார். "பொண்ணு கையால குடுத்தத வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டீங்களாம். புடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமேன்னு கேக்கறாங்க. ஒரே பேஜாரா போச்சுங்க. வேற எடம் பாக்கறாங்க" என்றார். நீ அன்றைக்குச் சாப்பிடவில்லை. "வயிறு சரியில்லன்னு சொல்லி அனுப்புங்கப்பா. வேற எதுவும் சொல்லக்கூடாது" என்று என்னிடம் கையில் அடித்துச் சத்தியம் கேட்டாய். நான் தலையை ஆட்டினேன். கையில் அடிக்கவில்லை, கவனித்தாயா? தரகர் பேசிச் சரிக்கட்டினார் என்று இதுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய். தரகர் பேசவில்லை. நான்தான் போனேன். கடைக்கு நூல் வாங்கப் போகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் திண்டிவனம் போய் இறங்கினேன்.

உன் மாமனார் வாங்க என்றார், உட்காருங்க என்று சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன். உள்ளதை உள்ளபடி சொன்னேன். கோதுமை, பால், நீ விழுந்து எழுந்தது, கெடார் பந்தியில் கேட்டது எல்லாம் சொன்னேன். உன் மாமியார், "ஒட்டுற சீக்குங்களா?" என்று பயந்துகொண்டே கேட்டார். "சீக்கே இல்லீங்க. ஆகாதத துன்னலன்னா அவன் உங்க ஏரு மாட்டோட போட்டி போடுவான்" என்றேன். மனிதர் சிரிக்கவில்லை. காரியம் கெட்டது என்றுதான் நினைத்தேன். அப்போது உள்ளே இருந்து பூங்கொடியின் குரல் வந்தது. "அப்ப காலைல இன்னா சாப்புடுவாரு?"

அது என்ன கேள்வி பார். வியாதியா, வைத்தியம் உண்டா, பிள்ளைகளுக்கு வருமா என்று கேட்கவில்லை. காலையில் என்ன சாப்பிடுவார் என்று கேட்டாள். என் மருமகள் இவள்தான் என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. "உருளைக்கெழங்கு அடைம்மா. வூட்ல கெழங்கு இருக்குதா? செஞ்சே காட்டிடறேன்" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன். உன் மாமியார் பதறிப்போய், "ஐயையோ, சம்பந்தி அடுப்பாண்ட நிக்கறதா!" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. உன் மாமனார் பெண்டாட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "வுடு, சொல்லிட்ட இல்ல, அவரு சம்பந்திதான்" என்றார்.

அவர்கள் வீட்டு விறகடுப்பில்தான் அடை போட்டேன். பூங்கொடி பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாள். வெங்காயம் நறுக்கிக் கொடுத்தாள், மல்லாட்டை வறுத்தாள். எல்லாம் பிசைந்த பிறகு, பழக்கத்தில் பெருங்காய டப்பாவைத் திறந்தாள். நான் கையைப் பிடித்துவிட்டேன். மளிகைக்கடைக் கதையைச் சொன்னேன். மகனே, அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு வயசுப் பிள்ளையாக நீ அதைக் குடித்ததை நினைத்து அவள் அழுதாள். உன்னை அவள் ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தாள், அதுவும் நீ தட்டை வேண்டாம் என்ற அன்றைக்கு. பிறகு அடையைத் தின்று பார்த்துவிட்டு, "உப்பு கம்மிங்க மாமா" என்றாள். எனக்கு அதுவும் பிடித்திருந்தது. கிளம்பும்போது வாசல் வரை வந்து ஒன்றே ஒன்று கேட்டாள். "நீங்க வந்து சொன்னது அவருக்குத் தெரிய வேணாம் மாமா. நான் கேட்டு சொன்னா எனக்காவ சொன்ன மாதிரி ஆயிடும். அவரா சொன்னாதான் என்ன நம்பி சொன்னதா இருக்கும்."

இப்போது உன் கல்யாணத்தை நினைத்துப் பார். பாலும் பழமும் கொடுத்தபோது உன் முகம் வெளுத்துப் போனது. பயந்து பயந்து ஒரு வாய் குடித்தாய். பிறகு என் காதில், "தேங்காப் பால்ப்பா! இவங்க வழக்கம் போலக்குது" என்றாய். திண்டிவனத்தில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. அதை அரைத்துப் பிழிந்து வைக்கச் சொன்னது உன் பெண்டாட்டி. இந்த நாலு மாதமாக வீட்டில் ரவை வாங்காதது, தயிர் தோய்க்காதது, அவளும் உன்னோடு கடுங்காப்பி குடிப்பது எல்லாம் உன் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அதிர்ஷ்டம்தான், ஆனால் நீ நினைக்கிற அதிர்ஷ்டம் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீ கறி வாங்கப் போனதும் பூங்கொடி சொன்னாள். அதற்கு இரண்டு நாள் முன்னால் உன் ஆபீசில் யாருக்கோ ப்ரமோஷன் என்று சமோசாவும் கேக்கும் வைத்தார்களாம். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்களே என்று தின்றிருக்கிறாய். மத்தியானமே சுருண்டு வீட்டுக்கு வந்து படுத்திருக்கிறாய். "வெயில் சூடுன்னு சொன்னாரு மாமா. நானும் ஆமாங்க, வெயில் ஜாஸ்திதான்னேன். வேற இன்னா சொல்றது?" என்றாள் பூங்கொடி. பக்கத்து வீட்டு அம்மாள் நல்ல மனதோடு பெருங்காயத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்தாளாம். இவள் வாங்கி, கொல்லைப்பக்கம் போய்க் கொட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு தட்டு பூரி கொண்டுவந்தாள், பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாளாம். சுடச்சுட உப்பிக்கொண்டு இருந்தது. "எங்க வூட்ல இதெல்லாம் யாரும் சாப்பிடறதில்லக்கா" என்று பூங்கொடி திருப்பிக் கொடுத்தாள். பூரி என்றால் இந்தப் பெண்ணுக்கு உசுரு என்று உன் மாமியார் அன்றைக்கே என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்தத் தட்டு படி இறங்கிப் போகிற வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "நீ துன்னேம்மா, அவன்தான் வூட்ல இல்லியே" என்றேன். அதற்கு அவள் சொன்னாள்: "வந்து வாசன புடிச்சாருன்னா, எனக்கும் ரெண்டு வைன்னு கேட்டுடுவாரு மாமா. கேட்டா நான் வெக்கறதா, வேணாங்கறதா?"

இதைக் கேட்ட பிறகும் அவளுக்குக் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றிக்கொண்டிருந்தால், நான் உனக்கு அப்பன் இல்லை. சொல்லிவிட்டேன். உன்னிடம் மன்னிப்பு கேட்கப் போவதில்லை, வேண்டுமானால் அவளிடம் கேட்டுக்கொள்கிறேன். என் தொழிலில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். அளவு கொடுக்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரு தோள் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும். இயல்பாக நின்றால் அதற்கேற்ற மாதிரி வெட்டித் தைத்துவிடலாம், யாருக்கும் தெரியாது. குறையை மறைக்க வலுக்கட்டாயமாக விறைத்து நிற்கிறான் பார், அவனுக்குத்தான் சட்டை சரியாக அமையாது. நீ இந்த நாலு மாதமாக விறைத்து நிற்கிறாய். போதும், தோளைத் தொங்கவிடு.

நான் சொல்கிறபடி செய். கடிதம் கிடைத்த அன்றைக்கு ராத்திரி ஒரு கை அரிசியை ஊற வை. மெஷினில் அரைத்த மாவு வேண்டாம், கோதுமை அரைத்த கையோடு அதிலேயே அரிசியைப் போடுவார்கள். காலையில் அவளுக்கு முன்னால் எழுந்து, அந்த அரிசியை அம்மியில் கெட்டியாக அரைத்துக்கொள். பழைய கிழங்காகப் பார்த்துத் தோலோடு வேக வைத்து, நன்றாக ஆற விடு. சூட்டோடு பிசைந்தால் பசையாகிவிடும். கையால் உதிர்த்து, வெங்காயம், இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, வறுத்து ஒன்றிரண்டாக இடித்த மல்லாட்டை, அரைத்த அரிசி எல்லாம் போட்டு, தண்ணீர் விடாமல் பிசை. வாழையிலையில் எண்ணெய் தொட்டுத் தட்டி, நடுவில் ஒரு ஓட்டை போட்டுக் கல்லில் கவிழ். மல்லாட்டை எண்ணெய் தாராளமாக விடு, தீயைக் குறைத்து வை. ஜல்தியாகத் திருப்பினால் பிய்ந்துவிடும். அடி சிவந்தால் அதுவாகவே கல்லை விட்டுவிடும், அதுவரை கையை வைத்துக்கொண்டு சும்மா இரு. சத்தம் கேட்டு அவள் எழுந்து வருவாள். வரட்டும். அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாலும் சரி, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னாலும் சரி, ஆனால் சொல்லிவிடு. அப்பா எழுதினார் என்று ஆரம்பிக்காதே. "எனக்கு ஆறு வயசுல" என்று ஆரம்பி. மீதி தானாக வரும்.

சொல்லி முடித்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு ஓட்டலுக்குப் போ. ஒரு செட் பூரி கட்டித் தரச் சொல்லி வாங்கி வா. கூட வருகிற கிழங்கில் பெருங்காயம் இருக்கும், அதுவும் அவளுக்குத்தான், நீ தொடாதே. அவள் வேண்டாம் என்பாள். விடாதே. அவளை உட்கார வைத்து, நீயும் பக்கத்தில் உட்கார்ந்து உன் அடையைச் சாப்பிடு. அதில் ஒரு துண்டு அவள் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, உப்பு கம்மி என்பாள். பரம்பரையாகவே நம் கைக்கு உப்பு கம்மிதான் என்று சொல்.

பூரி ஆறுவதற்குள் வீடு போய்ச் சேர், கண்ணா. அந்தப் பெண் அதைச் சாப்பிட்டு நாலு மாதம் ஆகிறது.

என்றும் உனக்கு அடை சுட்டுப் போடும்
அப்பா